மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்! - வேலூர் டாக்டர் அம்மாவின் கதை

சேத்துப்பட்டில் நின்று கிழக்கே பாருங்கள். அந்தச் சாலை வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போகிறது.

வடக்கே திரும்புங்கள். அந்தச் சாலை ஆரணி வழியாக வேலூர் போகிறது.

திண்டிவனத்தில் ஒரு இரவு. வேலூரில் ஒரு வாழ்நாள். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நடந்ததுதான் நாம் சொல்லப் போகும் கதை.

நம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு வழங்கும் பேச்சு ஒன்று உண்டு. ஆரணியில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளர் ஆகட்டும், சேத்துப்பட்டில் நெல் மூட்டை ஏற்றும் விவசாயி ஆகட்டும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு மிகவும் மோசமாகி, உள்ளூர் டாக்டரும் உதட்டைப் பிதுக்கி விட்டால் அடுத்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்:

"வேலூருக்குக் கொண்டு போய்விடலாம்!"

"வேலூர்" என்றாலே ஆஸ்பத்திரி என்று பொருள் ஆகிவிட்டது. அப்படி ஆக்கியவர் ஒரு பெண். ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிறு அறை. ஒரே ஒரு கட்டில்.

அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர். ஜனங்களுக்கு அவர் "டாக்டர் அம்மா".

ராணிப்பேட்டையில் பிறந்த பெண்

ஐடா அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில். தேதி 1870 டிசம்பர் 9. ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கை.

வைத்தியம் அந்தக் குடும்பத்தில் ஊறிப் போன தொழில். ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தை விட்டுவிட்டு, 1819-ம் ஆண்டு கப்பல் ஏறியவர். இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் ஆற்காட்டுப் பக்கம் வந்து தங்கினார்கள். அவர்கள் நடத்திய ஆற்காடு மிஷனுக்கு ஆரணியிலும் ஒரு நிலையம் இருந்தது. ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான்.

ஐடாவுக்கு ஆறு வயது இருக்கும்போது பெரும் பஞ்சம் வந்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு அந்தக் குடும்பம் உணவு கொடுத்தது. சின்னஞ்சிறு ஐடாவும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். அந்தக் காட்சி அவள் மனதைக் கலக்கியது.

இதைக் கண்டு, "நானும் பெரியவளாகி இவர்களுக்குத் தொண்டு செய்வேன்" என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கும் என்று நீங்கள் எண்ணலாம்.

அதுதான் இல்லை! வெயிலும் பஞ்சமும் நோயும் நிறைந்த இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்றே ஐடா நினைத்தாள். படிப்புக்காக அமெரிக்கா போனாள். நல்ல துணிமணி, தோழிகள், சிரிப்பு, விளையாட்டு என்று அங்கே வாழ்க்கை இனித்தது. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருந்துவிடலாம் என்பதே அவள் கனவு.

1890-ம் ஆண்டு, தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயைக் கவனிக்க ஐடா வந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் திட்டம்.

அந்த இரவு

திண்டிவனம் பங்களாவில் ஒரு இரவு. ஐடா தன் அறையில் இருந்தாள். கதவு தட்டப்பட்டது.

வெளியே ஒரு பிராமண இளைஞர் நின்றார். முகத்தில் கவலை. அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவ வேதனை. மருத்துவச்சி கைவிட்டு விட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றாள் ஐடா. அவர் தலையை அசைத்து மறுத்தார். தம் மனைவியை வேற்று ஆண் பார்ப்பது வழக்கமில்லை என்று சொல்லி, தளர்ந்த நடையோடு திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. அவரும் ஐடாவைத்தான் அழைத்தார். தகப்பனாரே எழுந்து வந்து, "நான் வருகிறேன்" என்றார். அவரும் ஒப்பவில்லை. கோஷாப் பெண்ணை ஆண் டாக்டர் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் முறையும் ஒருவர் வந்தார். அவரும் இந்து. அதே வேண்டுகோள். அதே மறுப்பு.

மூன்று வீடுகள். மூன்று இளம் பெண்கள். வைத்தியம் தெரிந்த ஆண் இருந்தார். அவரை உள்ளே விட வழக்கம் இடம் கொடுக்கவில்லை. உள்ளே போகக்கூடிய பெண் இருந்தாள். அவளுக்கு வைத்தியம் தெரியவில்லை.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தது. தெருவில் பறை ஒலி கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்து வரச் சொன்னாள்.

அவர் திரும்பி வந்து சொன்ன செய்தி இடி போல் விழுந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் அழுதாள், யோசித்தாள். பிறகு வெளியே வந்து பெற்றோரிடம் தன் முடிவைச் சொன்னாள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப் போவதாகவும், படித்து முடித்து இந்த நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்யத் திரும்பி வரப் போவதாகவும் சொன்னாள்.

அடுத்த அறையில் கேட்ட காது

பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே புதுமை. ஐடா முதலில் பிலடெல்பியா நகரில், பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

ஊர் திரும்பும் முன் ஒரு வேலை இருந்தது. வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டும். வீடு வீடாக, சபை சபையாகப் பேசினார். பணம் சேரவில்லை. கப்பல் ஏறும் நாளும் நெருங்கியது.

ஒரு நாள் மாலை, டேபர் என்ற அம்மையாரைப் பார்க்கப் போனார். அந்த மூன்று பெண்களின் கதையை அவரிடம் சொன்னார். அந்த வீட்டில் அடுத்த அறையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ராபர்ட் ஷெல். பாங்கி நடத்தியவர். மனைவியை இழந்தவர். ஐடா பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்தது.

மறுநாள் அவரே ஐடாவைக் கூப்பிட்டு அனுப்பினார். காலமான தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி ஒரு காசோலை கொடுத்தார். அதில் இருந்த தொகை 8,000 அல்ல, 10,000 டாலர்!

பத்தடி அறை, ஒரு கட்டில்

1900-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் சில ஆண்டுகள் தொழில் பழகிக்கொண்டு பிறகு ஆஸ்பத்திரி கட்டலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தகப்பனார் காலமாகிவிட்டார்.

துணைக்கு ஒரு டாக்டர் இல்லை. கட்டிய ஆஸ்பத்திரி இல்லை. நோயாளிகளும் வரவில்லை!

பெரிய டாக்டரை ஜனங்களுக்குத் தெரியும். இந்தச் சின்னப் பெண்ணை யார் நம்புவார்கள்? பெண் டாக்டர் இல்லாமல் பெண்கள் சாவதைக் கண்டு படித்து வந்தவரை, "பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியும்?" என்று ஊர் சந்தேகித்தது.

ஐடா சளைக்கவில்லை. பங்களாவில் சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஒரு அறையை ஒழித்தார். ஒரு கட்டில் போட்டார். அதுதான் ஆஸ்பத்திரி. ஜன்னல் வழியாக மருந்து கொடுத்தார். வீட்டு வேலையாளின் மனைவி சலோமியைப் பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டார்.

ஒருவருக்குக் குணமானது. அவர் இன்னொருவரிடம் சொன்னார். அந்த இன்னொருவர் தம் தங்கையை அழைத்து வந்தார். நம் ஊர்களில் விளம்பரம் அப்படித்தானே நடக்கும்! அறை நிறைந்தது. தாழ்வாரம் நிறைந்தது. இரண்டு ஆண்டுகளில் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் நடந்தது.

1902-ல் மேரி டேபர் ஷெல் நினைவு ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு எழுந்தது.

மரத்தடியில் மருந்துப் பெட்டி

ஆஸ்பத்திரி கட்டியாகிவிட்டது. இனி நோயாளிகள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கலாம். ஐடா அப்படி உட்காரவில்லை.

வேலூர் வரை வரமுடியாதவர்கள் எத்தனையோ பேர். நடக்க முடியாத கிழவி. வண்டிக்குக் கூலி கொடுக்க வழியில்லாத கூலிக்காரர். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடுகள். இவர்கள் நோய் முற்றிய பிறகுதான் வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள்.

"அவர்கள் வரமுடியாவிட்டால் நான் போகிறேன்" என்பதுதான் ஐடா கண்ட வழி. வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரந்தோறும் புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. 1909-ம் ஆண்டையொட்டி ஒரு மோட்டார் வந்தது. பிரான்சு நாட்டில் செய்த சின்னஞ்சிறு கார்.

மாடு இல்லாமல், குதிரை இல்லாமல், புகை விட்டுக்கொண்டு தானே ஓடி வருகிற வண்டியைக் கிராமத்தார் அதுவரை கண்டதில்லை. பிசாசு வருகிறது என்று பயந்து ஓடினார்களாம்! கொஞ்ச நாளில் அந்தப் பயம் போயிற்று. அதே கார் சத்தத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினார்கள்.

குறிப்பிட்ட இடம் வந்ததும் கார் ஒரு மரத்தடியில் நிற்கும். மருந்துப் பெட்டிகள் இறங்கும். சாலை ஓரத்திலேயே வைத்தியம் தொடங்கிவிடும். சீழ் பிடித்த கட்டி, கண்நோய், காய்ச்சல், ஆறாத புண், சொத்தைப் பல் எல்லாம் அங்கேயே கவனிக்கப்படும். கட்டிக்கு அங்கேயே கத்தி வைப்பார்கள். பல்லை அங்கேயே பிடுங்குவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டியவர்களை வேலூருக்கு அனுப்புவார்கள். இந்த மரத்தில் இருந்து அடுத்த மரம். அங்கேயும் கூட்டம். வீடு திரும்ப இருட்டிவிடும்.

மழை பெய்தால் ஒழுகும் கூரைகூட இல்லாத ஆஸ்பத்திரி அது! ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. ஒரு நாள் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போகிற டாக்டர் அல்ல ஐடா. அடுத்த வாரம் மறுபடியும் வருவார். புண் ஆறிற்றா என்று பார்ப்பார். ஆறாவிட்டால் ஏன் ஆறவில்லை என்று கேட்பார். இன்று "குடும்ப டாக்டர்" என்று நாம் சொல்லுகிறோமே, அந்த உறவை அவர் ஒரு சாலை முழுவதற்கும் உண்டாக்கினார்.

குடியாத்தமும் ஆரணி போல நெசவு ஊர். அன்றாடம் தறியில் உட்கார்ந்தால்தான் கூழ். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு டாக்டர் தெரு முனைக்கு வருவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நம் நெசவாளர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருத்தி போதாது

ஐடா இரவு பகலாக உழைத்தார். ஆனாலும் ஒரு எண்ணம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. "நான் ஒருத்தி. எனக்கு இரண்டு கைகள். ஊர்களோ ஆயிரம். நான் குடியாத்தம் சாலையில் இருக்கும்போது வேறு ஊரில் ஒருத்தி பிரசவத்தில் தவித்தால் யார் போவார்கள்?" என்ற கவலை அது.

இந்த நாட்டுப் பெண்களே நர்சுகளாக வேண்டும், டாக்டர்களாக வேண்டும். வேறு வழியில்லை.

1909-ல் நர்சுப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியைத் தொட்டுத் துடைத்துப் பணிவிடை செய்வது கௌரவக் குறைவு என்று எண்ணிய காலம். பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். ஆனாலும் பள்ளி நிலைத்தது.

அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அரசாங்கத்து மேலதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் சேர வந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று சொன்னாராம். பல மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன! 1918 ஆகஸ்டு 12-ம் தேதி பள்ளி தொடங்கியது.

முதல் பரீட்சை வந்தது. ஆண்களே திணறும் பரீட்சை. பெண்கள் தேறுவது கடினம் என்று அந்த அதிகாரி எச்சரித்திருந்தார். முடிவு வெளியாயிற்று. ஆண்கள் படித்த பள்ளிகளில் ஐந்தில் ஒருவரே தேறினார். வேலூர்ப் பெண்களோ ஒருவர் விடாமல் எல்லோரும் தேறினார்கள்!

அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். திண்டிவனத்தில் மூன்று வீடுகளில் இல்லாமற்போன டாக்டர் அம்மா, இப்போது பல ஊர்களில் கிடைத்தார்.

எழுபது வயதில் ஒரு சோதனை

பெண் டாக்டர்கள் ஊர் ஊராகப் பரவிவந்த நேரத்தில் பெரிய சோதனை ஒன்று வந்தது.

வேலூர்ப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடைத்தது எல்.எம்.பி. என்ற பட்டயம். 1930-களின் கடைசியில் சென்னை அரசாங்கம் அந்தப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். கல்லூரிதான் இருக்கலாம் என்றது. அதற்கு அதிகமான படுக்கைகள், ஆராய்ச்சிச் சாலைகள், உயர்ந்த பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். ஏராளமான பணம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூடவேண்டும்.

ஐடாவுக்கு வயது எழுபது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகச் சென்று, மேடை மேடையாகப் பேசிப் பணம் திரட்டினார்.

இன்னொரு மனப் போராட்டமும் வந்தது. ஆண்களையும் சேர்த்து ஒரே கல்லூரியாக நடத்தினால்தான் கூடுதல் உதவி கிடைக்கும் என்ற நிலை. "பெண்களுக்கென்று கொடுத்த பணம் இது, ஆண்களைச் சேர்க்கவே கூடாது" என்று ஐடாவின் நெடுநாள் தோழிகளிலேயே சிலர் எதிர்த்தார்கள். ஐடாவுக்கும் அது மனதை அறுக்கும் விஷயம்தான். எந்தப் பெண்களுக்காகத் தொடங்கினாரோ, அந்தப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி நிலைப்பதே முக்கியம் என்று முடிவு செய்தார். சேர்க்கச் சம்மதித்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

அதன் பிறகு பொறுப்பை டாக்டர் ஹில்டா லாசரஸ் ஏற்றார். அவர் இந்தியப் பெண்மணி. தாம் கட்டியதை இந்த நாட்டுப் பெண் ஒருவர் நடத்துவதை ஐடா தம் கண்ணால் பார்த்தார்.

கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த ஐடா, கடைசிக் காலத்தைக் கோடைக்கானலில் கழித்தார். அவருடைய புகழைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஊர் பெயர்கூட இல்லாமல், "டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் எழுதிய கடிதம் தவறாமல் வேலூர் வந்து சேர்ந்ததாம்!

1960 மே மாதம், தமது 89-வது வயதில் டாக்டர் அம்மா காலமானார்.

மரம் போனாலும் நிழல் உண்டு

ஒற்றைக் கட்டில் ஆஸ்பத்திரி பிறகு எப்படி வளர்ந்தது? தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தும் வேலை 1948-ல் டாக்டர் பால் பிராண்டு தலைமையில் வேலூரில் தொடங்கியது. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் முதன்முதலாக இருதயத்தைத் திறந்து அறுவை செய்தது 1961-ல், வேலூரில்தான். 1971-ல் சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்றி வைத்ததும் அங்கேதான்.

இவை பெரிய பெருமைகள். ஆனால் டாக்டர் அம்மாவின் மரத்தடி வைத்தியமும் மறைந்துவிடவில்லை. அவர் போய் வந்த அதே குடியாத்தம் வட்டாரத்தில், கே.வி.குப்பத்தில், 1977-ல் கிராம சுகாதாரத்துக்கென்று தனி நிலையம் ஒன்றை ஆஸ்பத்திரி தொடங்கியது. 2022-ல், ஐடா பிறந்த ராணிப்பேட்டைப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியின் புதிய பெரிய வளாகம் திறக்கப்பட்டது.

ஆரணி, சேத்துப்பட்டு, வேலூர் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்தவை. 1989-ல் மாவட்டம் பிரிந்தது. ஆனால் நோயாளியை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் சாலை பிரியவில்லை!

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அந்த மூன்று பெண்களும் டாக்டர் இல்லாத ஊரில் சாகவில்லை. டாக்டர் இருந்தார், வைத்தியம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. குறுக்கே நின்றது வழக்கம்.

இன்றும் எத்தனை வீடுகளில் நம் தாய்மார், "இதை எப்படி டாக்டரிடம் சொல்வது?" என்று கூச்சப்பட்டு நோயை மறைக்கிறார்கள்? "அறுப்பு முடியட்டும்", "இந்தப் புடவை தறியிலிருந்து இறங்கட்டும்" என்று எத்தனை பேர் நாளைத் தள்ளுகிறார்கள்? கணவரும் பிள்ளைகளும் கேட்டால்தானே அவர்கள் சொல்வார்கள்?

இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, உங்கள் வீட்டு அம்மாவையோ பாட்டியையோ ஒரு வார்த்தை கேளுங்கள்: "உடம்பு எப்படி இருக்கிறது?"

திண்டிவனத்தில் அன்று மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். திறந்தவளுக்கு அன்று வைத்தியம் தெரியவில்லை. இன்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெண் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி!